ஒவ்வோர் எலெக்ட்ரானாகக் கூட்டிப் பார்த்தால்

10¹⁸ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு விண்வெளியிலிருந்து வரும் ஒரு காஸ்மிக் கதிர் வளிமண்டலத்தில் மோதிச் சிதறும்போது, 30 முதல் 80 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ரேடியோ அலைகளாக வெளியேறும் ஆற்றல் மொத்தமே 15.8 மெகா எலெக்ட்ரான் வோல்ட். அர்ஜென்டினாவில் உள்ள பியர் ஓஜே ஆய்வகம் 2016இல் வெளியிட்ட அளவு இது. கதிர் அந்த இடத்துக் காந்தப்புலத்துக்குச் செங்குத்தாக வந்தால் கிடைப்பது. வந்த ஆற்றலில் பத்தாயிரம் கோடியில் ஒன்றரைப் பங்கு. இவ்வளவு சொற்பமான ஒன்றை வெட்டவெளியில் நட்ட ஆண்டெனாக்கள் பிடித்துவிடுகின்றன என்பதே பெரிய காரியம். பிடித்த துடிப்பை வைத்து, மேலே வந்து மோதியது ஹைட்ரஜன் அணுக்கருவா, இரும்பு அணுக்கருவா என்று ஊகிக்க முடிகிறது என்பது அதைவிடப் பெரிய காரியம். இந்த இரண்டுக்கும் நடுவில் கோரியாஸ் என்ற கணினி நிரல் நிற்கிறது. கொஞ்ச காலமாக என் பொழுதெல்லாம் அதோடுதான் போகிறது. அதன் மேல் எனக்கு ஏன் இவ்வளவு மதிப்பு வந்தது என்பதை எழுதி வைக்க ஆசை.

மேலே நடப்பதை முதலில் பார்த்துவிடுவோம். காஸ்மிக் கதிர் காற்றில் உள்ள ஓர் அணுக்கருவில் மோதினால் பயான்கள் என்ற நிலையற்ற துகள்கள் தெறிக்கின்றன. மின்னூட்டமில்லாத பயான் உடனே இரண்டு காமா கதிர்களாகிறது. காமா, எலெக்ட்ரானும் அதன் நேர்மின்னூட்ட இரட்டையான பாசிட்ரானும் சேர்ந்த இணையாகிறது. அவை மறுபடி காமாவை உமிழ்கின்றன. ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை பெருகுகிறது, ஆளுக்குக் கிடைக்கும் ஆற்றல் குறைகிறது. காற்றில் அது 85 மெகா எலெக்ட்ரான் வோல்ட் அளவுக்கு இறங்கியதும் பெருக்கம் நின்று, பொழிவு என்று அழைக்கப்படும் இந்தத் துகள் கூட்டம் தேயத் தொடங்குகிறது. 10¹⁷ எலெக்ட்ரான் வோல்ட் கதிர் ஒன்று உச்சத்தில் ஏறக்குறைய ஆறு கோடி எலெக்ட்ரான்களையும் பாசிட்ரான்களையும் வைத்திருக்கும். மைய அச்சுக்கு அருகே சில மீட்டர் தடிமனே உள்ள ஒரு தட்டுபோல, ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் அவை இறங்கி வருகின்றன.

இந்தத் தட்டு ரேடியோ அலையை உமிழ இரண்டு காரணங்கள். ஒன்று, பூமியின் காந்தப்புலம் எலெக்ட்ரான்களை ஒரு பக்கமும் பாசிட்ரான்களை எதிர்ப்பக்கமும் தள்ளுவதால், பொழிவுக்குக் குறுக்கே ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. 1966இல் கானும் லெர்ஷேயும் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். இரண்டாவது, காற்றின் அணுக்களிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட எலெக்ட்ரான்களும் தட்டோடு சேர்ந்துகொள்கின்றன, பாசிட்ரான்களோ வழியில் அழிகின்றன. அதனால் பொழிவின் முகப்பில் எதிர்மின்னூட்டம் மிஞ்சுகிறது. 1960களின் தொடக்கத்திலேயே குர்கென் அஸ்கார்யன் சொன்ன விளைவு இது. முதல் வகையில் மின்புலம் எல்லா ஆண்டெனாவிலும் ஒரே திசையில் ஆடும்; இரண்டாவதில் எங்கே நின்றாலும் பொழிவின் மையத்தை நோக்கி ஆடும். இரண்டும் ஒரு பக்கம் கூடி, மறுபக்கம் கழிவதால், தரையில் விழும் ரேடியோ தடம் வட்டமாக இல்லாமல் அவரை விதை வடிவில் ஒருபுறம் வீங்கியிருக்கும்.

ஊர் கூடித் தேர் இழுக்கும்போது எல்லாக் கையும் ஒரே மூச்சில் இழுத்தால்தான் தேர் நகரும்; ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் வடம்தான் ஆடும். 50 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 மீட்டர். தட்டின் தடிமன் அதைவிடக் குறைவு என்பதால் கோடிக்கணக்கான எலெக்ட்ரான்களின் அலைகள் ஒத்த கட்டத்தில் வந்து சேர்கின்றன. வீச்சு எண்ணிக்கையைப் போலவும், திறன் எண்ணிக்கையின் இருமடியைப் போலவும் வளர்கிறது. கதிரின் ஆற்றல் இரண்டு மடங்கானால் ரேடியோ ஆற்றல் நான்கு மடங்கு. நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மேலே போகப் போக இந்த ஒற்றுமை குலைந்துவிடுகிறது. கீழே 30க்குள் சிற்றலை வானொலிகளின் இரைச்சல், மேலே 88இல் பண்பலை தொடங்கிவிடும். 30 முதல் 80 என்ற அந்த இடைவெளிக்கு இதுதான் காரணம்.

1965இல் ஜான் ஜெல்லியும் கூட்டாளிகளும் இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்கில் 44 மெகாஹெர்ட்ஸில் முதல் துடிப்பைப் பதிவு செய்தார்கள். பத்தாண்டுக்குள் அந்த ஆர்வம் அடங்கிப்போனது. மனிதர்கள் கிளப்பும் ரேடியோ இரைச்சல், இடிமேகம் வந்தால் தாறுமாறாகும் அளவுகள், குழுவுக்குக் குழு வேறுபட்ட எண்கள் என்று பல தொல்லைகள். எல்லாவற்றுக்கும் மேலாக, அளந்ததை எதனோடு ஒப்பிடுவது என்று சொல்லும் நம்பகமான கணக்கு ஒன்று இல்லை. என் கணிப்பில் இதுதான் முதன்மையான குறை. 2000களில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் லோப்பஸ், பிரான்சின் நான்சேயில் கோடலெமா என்று புது ஆண்டெனா அணிகள் எழுந்தபோது, கணக்கும் கூடவே எழ வேண்டியிருந்தது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் வருகிறது. 2005 வாக்கில் டிம் ஹூகேயும் ஹைனோ ஃபால்க்கேயும் ரியாஸ் என்ற நிரலை எழுதினார்கள். காந்தப்புலத்தில் வளைந்து ஓடும் ஒவ்வொரு துகளும் சின்க்ரோட்ரான் கதிர்வீச்சை உமிழ்கிறது, அவற்றைக் கூட்டினால் துடிப்பு கிடைக்கும் என்பது அதன் கருத்து. 2008இல் ஓலாஃப் ஷோல்டனும் கிளாவுஸ் வெர்னரும் வேறு வழியில் போனார்கள். துகள்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் பொழிவு முழுவதையும் ஏறி இறங்கும் ஒரே மின்னோட்டமாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டுமே மின்காந்தவியலின் அடிப்படையான மாக்ஸ்வெல் சமன்பாடுகளிலிருந்து புறப்பட்டவை. விடைகளோ ஒட்டவே இல்லை. முதல் நிரலில் துடிப்பு ஒரே பக்கம் எழுந்து அடங்கியது. மற்றதில் மேலே எழுந்து, சுழியைக் கடந்து, கீழேயும் இறங்கியது. வீச்சிலும் பல மடங்கு வேறுபாடு.

எது சரி என்பதற்கு ஒரு சிறிய வாதம் இருக்கிறது. அதைப் படித்த நாள் முதல் மறக்க முடியவில்லை. பொழிவு என்பது கொஞ்ச நேரம் இருந்து மறைகிற, கொஞ்ச இடத்துக்குள் அடங்குகிற மூலம். அப்படிப்பட்ட மூலம் அதிர்வெண் சுழியில் எதையும் தொலைவுக்கு அனுப்ப முடியாது. அதிர்வெண் சுழியில் ஒன்றுமில்லை என்றால், மின்புலத்தைக் காலம் முழுவதும் கூட்டினால் சுழிதான் வர வேண்டும். ஆகவே ஒரு பக்கம் மட்டும் எழும் துடிப்புக்கு இடமே இல்லை; எவ்வளவு எழுந்ததோ அவ்வளவு எதிர்ப்பக்கமும் இறங்கியாக வேண்டும். ரியாஸில் விடுபட்டது எது என்பதும் இதிலிருந்தே தெரிந்தது. துகள் வளைந்து ஓடுவதை அது கணக்கில் எடுத்தது, துகள் பிறப்பதையும் மறைவதையும் எடுக்கவில்லை. ஓடும் மின்னூட்டங்களின் எண்ணிக்கை மாறுவதே ஒரு கதிர்வீச்சு. அதைச் சேர்த்த ரியாஸின் மூன்றாம் பதிப்பும் மற்ற மாதிரியும் 2010இல் நான்ட் நகரில் நடந்த, இத்துறையின் அரீனா மாநாட்டை ஒட்டி ஒன்றுக்கொன்று நெருங்கி வந்தன. தோற்றவர், வென்றவர் என்று கட்சி பிரியாமல் இரண்டு தரப்பும் சேர்ந்தே அந்த ஒப்பீட்டுக் கட்டுரையை எழுதின. அறிவியலில் நான் மதிக்கும் பழக்கங்களில் இது ஒன்று.

அதன் தொடர்ச்சிதான் கோரியாஸ். கோர்சிகா என்பது காஸ்கேட் என்ற காஸ்மிக் கதிர் சோதனைக்காகக் கார்ல்ஸ்ரூவேயில் டீட்டர் ஹெக் முதலானோர் எழுதிய பழைய, பெரிய ஃபோர்ட்ரான் நிரல். காற்றில் ஒவ்வொரு துகளையும் பின்தொடர்ந்து, எங்கே மோதியது, என்ன பிறந்தது, எங்கே நின்றது என்று கணிப்பது அதன் வேலை. கோரியாஸ் அதற்குள் உட்கார்ந்துகொண்டு, கோர்சிகா நகர்த்தும் ஒவ்வோர் எலெக்ட்ரானும் பாசிட்ரானும் ஒவ்வோர் ஆண்டெனாவுக்கும் என்ன மின்புலத்தை அனுப்புகிறது என்று கணக்கிடுகிறது. துகளின் பாதையைச் சிறு சிறு நேர்கோட்டுத் துண்டுகளாக வெட்டுகிறார்கள். துண்டின் தொடக்கத்தில் துகள் திடுக்கென்று வேகம் பெறுகிறது, முடிவில் திடுக்கென்று நிற்கிறது. கதிர்வீச்சு அந்த இரு முனைகளிலிருந்து மட்டுமே. ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் நிற்பதும் கிளம்புவதும் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துவிடும். திசை மாறிய அளவு மட்டும் மிஞ்சும். துகள் பிறக்கும் இடத்தில் கிளம்புதல் மட்டும் உண்டு, மறையும் இடத்தில் நிற்றல் மட்டும் உண்டு. ரியாஸில் விடுபட்டுப்போன பகுதி இங்கே யாரும் நினைவுபடுத்தாமலே வந்துவிடுகிறது.

ஜியோமேக்னடிக் (காந்தப்புல விளைவு), அஸ்கார்யன், செரன்கோவ் (காற்றில் ஒளியைவிட வேகமாக ஓடும் துகள்களின் விளைவு) என்று நாம் பெயரிட்டுப் பிரிக்கும் எதுவும் இந்த நிரலுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது மின்னூட்டம், வேகம், காற்றின் ஒளிவிலகல் எண், ஆண்டெனா இருக்கும் இடம், அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்களை நான் முதலில் செய்து பார்க்கச் சொல்வது இதை: காந்தப்புலத்தை ஏறக்குறைய சுழியாக்கிவிட்டு அதே பொழிவை மறுபடி ஓட்டுங்கள். கிழக்கு மேற்காக ஆடிக்கொண்டிருந்த பெரிய துடிப்பு காணாமல் போய்விடும். அடியில் மறைந்திருந்த சிறிய துடிப்பு, எல்லா ஆண்டெனாவிலும் மையத்தைப் பார்த்தபடி வெளிப்படும். அஸ்கார்யன் என்ற பெயர் நிரலில் எங்கும் இல்லை, அவர் சொன்னது மட்டும் திரையில் நிற்கும். அடுத்து, தரைமட்டத்தில் 1.000292 என்றிருக்கும் ஒளிவிலகல் எண்ணைச் சரியாக 1 ஆக்கிப் பாருங்கள். மையத்திலிருந்து நூறு மீட்டர் அளவில், துடிப்புகள் குறுகிக் கூர்மையாகி வளையம்போல் தெரிந்த இடம் அழிந்துவிடும். நான்காவது தசம இடத்தில் தொடங்கும் ஓர் எண் தரையில் அவ்வளவு பெரிய வளையத்தை வரைந்திருக்கிறது!

பழகும்வரை இதன் உள்ளீட்டுக் கோப்பு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். புரோட்டானுக்கு 14 என்று எழுத வேண்டும். இரும்புக்கு 5626: நியூக்ளியான் எண் 56ஐ நூறால் பெருக்கி, புரோட்டான் எண் 26ஐக் கூட்டியது. எக்ஸ் அச்சு காந்த வடக்கை நோக்கும், ஒய் அச்சு மேற்கை நோக்கும். திசைக்கோணம் பொழிவு வரும் திசையைக் குறிக்காது, போகும் திசையைக் குறிக்கும். ஆண்டெனாவின் இருப்பிடம் சென்டிமீட்டரில், வெளிவரும் மின்புலம் பழைய சிஜிஎஸ் (சென்டிமீட்டர்-கிராம்-நொடி) அலகில். மீட்டருக்கு வோல்ட்டாக மாற்ற 29,979ஆல் பெருக்க வேண்டும். இவையெல்லாம் கையேட்டில் உள்ளவைதான், ஆனாலும் தமிழில் ஓரிடத்தில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

தின்னிங் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஆறு கோடி துகள்களையும் உள்ளபடியே பின்தொடர்ந்தால் ஒரு பொழிவை முடிக்கவே கணினி திணறும். அதனால் ஆற்றல், முதல் கதிரின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே போனதும், ஒவ்வொரு மோதலிலும் பிறப்பவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றுக்கான எடையை அதன் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். தரையில் துகள்களை எண்ணும் கருவிகளுக்கு இது பெரும்பாலும் போதும். ரேடியோவுக்கு இதில் ஓர் ஆபத்து உண்டு. ஆயிரம் எடையுள்ள ஒரு துகளை நிரல், ஒரே புள்ளியில் ஒரே மாதிரி ஓடும் ஆயிரம் எலெக்ட்ரான்களாகவே பார்க்கும். அவை அனுப்பும் திறன் பத்து லட்சம் மடங்காகும். உண்மையில் அந்த ஆயிரமும் சிதறிக் கிடக்கும், குறுகிய அலைநீளத்தில் ஒன்றையொன்று அழித்திருக்கும். உண்மைத் துடிப்பு மெலிந்துபோன இடங்களில், அதாவது தொலைதூர ஆண்டெனாக்களிலும் உயர் அதிர்வெண்களிலும், இந்தப் போலி ஒற்றுமை இரைச்சலாக எழும். எடைக்கு உச்சவரம்பு வைத்து அதை அடக்கலாம், அறவே ஒழிக்க முடியாது. உயர் அதிர்வெண் வாலில் புதிதாக ஏதாவது தெரிந்தால், இயற்பியலைத் தேடுவதற்கு முன் எடைகளைப் பாருங்கள்.

இப்படி விடையைச் சொல்லித்தராமல் எழுதிய நிரலை எதுவரை நம்பலாம்? லோப்பஸ் இதற்கு ஒரு சோதனையாக அமைந்தது. கோரியாஸ் சொன்ன துடிப்பு, லோப்பஸ் அளந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சிறியதாக இருந்தது. கோரியாஸில் இழுத்துச் சரிசெய்ய ஒரு திருகும் இல்லை. வீச்சு எவ்வளவு வருமோ அவ்வளவுதான் வரும். பிறகு, ஆண்டெனாக்களை அளவுதிருத்தப் பயன்படுத்திய ஒப்பீட்டு மூலத்தையே மறுபடி ஆராய்ந்தார்கள். முன்பு எடுத்துக்கொண்ட அதன் மதிப்புகள் திறந்தவெளிக்குப் பொருந்தாத வேறொரு சூழலுக்கானவை. திருத்தியபோது லோப்பஸின் அளவுகள் 2.6 மடங்கு இறங்கின, கோரியாஸோடு பொருந்தின. 2016இல் வெளியான இந்தத் திருத்தத்தை அந்தக் குழுவே முன்வந்து செய்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் ஸ்லாக் முடுக்கியில், காந்தப்புலத்துக்குள் வைத்த பாலிஎத்திலீன் கட்டியில் எலெக்ட்ரான் கற்றையைச் செலுத்தி, அதிலிருந்து வந்த ரேடியோ அலையை இந்த வகை சிமுலேஷன்களோடு ஒப்பிட்டார்கள். அங்கும் பொருத்தம் கிடைத்தது. ஸ்பெயினிலும் அர்ஜென்டினாவிலும் வளர்ந்த இசட்ஹெச்-ஐரெஸ் என்ற நிரல் முற்றிலும் வேறு துகள் நிரலின் மேல் வேறு சூத்திரத்தோடு நிற்கிறது. அதுவும் கோரியாஸும் இன்று சில விழுக்காட்டுக்குள் ஒத்துப்போகின்றன.

இந்த நம்பிக்கை இருந்ததால்தான் மோதியது எந்த அணுக்கரு என்று ஊகிக்கும் வேலையை நெதர்லாந்தின் லோஃபார் செய்ய முடிந்தது. வானியலுக்காகக் கட்டிய ஆண்டெனாக் கூட்டம் அது. பொழிவு ஒன்று அதன் மேல் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆண்டெனாக்களில் ஒரே நேரத்தில் துடிப்பு பதிவாகும். அந்த ஒரே நிகழ்வுக்கு, அதே திசையில் ஏறக்குறைய 50 புரோட்டான் பொழிவுகளையும் 25 இரும்புப் பொழிவுகளையும் கோரியாஸில் ஓட்டுகிறார்கள். துகள் மோதல் தற்செயலானது என்பதால் ஒவ்வொன்றும் வெவ்வேறு உயரத்தில் உச்சம் அடையும். எந்த உயரத்தில் உச்சம் கண்ட பொழிவு அளந்த தடத்தோடு மிக நன்றாகப் பொருந்துகிறது என்று பார்த்தால், உண்மைப் பொழிவின் உச்சம் தெரிந்துவிடும். இரும்பு சீக்கிரம் உடைந்து மேலேயே உச்சம் காணும், புரோட்டான் ஆழம்வரை ஊடுருவும். இந்த ஆழத்தை, கடந்து வந்த காற்றின் எடையால் அளப்பார்கள்; இரண்டுக்கும் இடைவெளி சராசரியாகச் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிராம் காற்று. லோஃபாரின் துல்லியம் 16 கிராம். 2016இல் 118 பொழிவுகளை வைத்து, 10¹⁷ எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டிய கதிர்களில் சுமார் 80 விழுக்காடு புரோட்டான், ஹீலியம் போன்ற இலேசான அணுக்கருக்கள் என்று அவர்கள் வெளியிட்டார்கள். நம் பால்வீதிக்குள்ளேயே இந்த ஆற்றல் வரை முடுக்கும் ஏதோ ஒன்று இருக்கலாம் என்ற கேள்வியை அது வலுவாக எழுப்பியது.

காந்தப்புலம் இடத்துக்கு இடம் மாறுவதால் எனக்கு ஒரு ஆசை வந்தது. நெதர்லாந்தில் புலம் 49 மைக்ரோடெஸ்லா, ஆனால் 68 டிகிரி அளவுக்குத் தரைக்குள் சாய்ந்து இறங்குகிறது. நேர் மேலிருந்து விழும் பொழிவுக்குக் குறுக்கே அமைவது அதில் 18 மட்டுமே. காந்த நடுக்கோடு நம் திருநெல்வேலிக்கு அருகில் போகிறது. அங்கே புலம் 40தான், ஆனால் அநேகமாக முழுவதும் கிடையாக வடக்கு நோக்கி இருக்கிறது. நேர் மேலிருந்து இறங்கும் பொழிவுக்கு அந்த நாற்பதும் குறுக்கே நிற்கும். வீச்சு இரண்டு மடங்குக்கு மேல், திறன் நான்கு மடங்குக்கு மேல். மாறாக, தெற்கிலிருந்தோ வடக்கிலிருந்தோ மிகச் சாய்ந்து வருபவை புலத்தோடு ஒட்டியே ஓடுவதால் அஸ்கார்யன் பங்கோடு அடங்கிவிடும். காஸ்மிக் கதிர்களைக் கேட்கும் பெரிய ரேடியோ அணிகள், எனக்குத் தெரிந்தவரை, எதுவும் இப்படியொரு புலத்தின் கீழ் இல்லை என்பதால் இந்தக் கணக்கு எனக்குத் தனிச்சுவை.

இடிமேகத்தைச் சொன்னேன் அல்லவா, ஒரு காலத்தில் இந்தத் துறையை முடக்கிய அதே மேகம் இப்போது ஆய்வுப் பொருளாகிவிட்டது. மேகத்துக்குள் இருக்கும் மின்புலமும் எலெக்ட்ரான்களைத் தள்ளும் என்பதால் துடிப்பு ஆடும் திசையே திரும்பிவிடும். 2015இல் லோஃபார் குழு, மேகத்தின் மின்புலத்தையும் கோரியாஸில் சேர்த்து ஓட்டி, அப்படித் திரும்பிய தடங்களை மறுபடி உண்டாக்கிக் காட்டியது. ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 கருவி ரேடியோவைக் கேட்பதில்லை, பொழிவில் பிறந்து தரைவரை வரும் மியூவான் துகள்களை எண்ணுகிறது. ஆனாலும் 2014 டிசம்பர் 1 அன்று மேலே நின்ற ஒரு மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்தது என்று மியூவான் எண்ணிக்கையின் சரிவிலிருந்தே 2019இல் அவர்கள் சொன்னார்கள். அந்தக் கணக்கின் அடியிலும் கோர்சிகா இருக்கிறது.

இனி வரப்போவது மேற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்கேஏ-லோ என்ற ரேடியோ தொலைநோக்கி. 50 முதல் 350 மெகாஹெர்ட்ஸ், மையத்தில் மட்டும் பல்லாயிரம் ஆண்டெனாக்கள். கோரியாஸின் நேரம் துகள் எண்ணிக்கையோடும் ஆண்டெனா எண்ணிக்கையோடும் சேர்ந்து ஏறும். நிகழ்வுக்கு 75 பொழிவுகள் என்ற முறை அங்கே கட்டுப்படியாகாது. இப்போது முயன்று வரும் வழி இது: ஒரே பொழிவை வளிமண்டல அடுக்குகளாக வெட்டி, ஒவ்வோர் அடுக்கும் தனியே அனுப்பிய துடிப்பைச் சேமித்து, வேறொரு பொழிவில் அந்த அடுக்கில் எத்தனை துகள்கள் உண்டோ அதற்கேற்பப் பெருக்கி மறுபடி கோத்துவிடுவது. பொழிவை ஏறி இறங்கும் மின்னோட்டமாகப் பார்த்த ஷோல்டன், வெர்னர் பார்வை இங்கே திரும்ப வருகிறது, இம்முறை ஒவ்வோர் எலெக்ட்ரானாகக் கூட்டிய எண்களைக் கையில் வைத்துக்கொண்டு. வார்ப்பு அச்சாகப் பயன்படும் அந்த முதல் பொழிவில் தின்னிங் இரைச்சல் இருந்தால், அதிலிருந்து கோக்கும் எல்லாவற்றிலும் அது ஏறிவிடும். 350 மெகாஹெர்ட்ஸ் அதை மன்னிக்காது. அதனால் அச்சுப் பொழிவுகளை, நேரம் எவ்வளவு பிடித்தாலும், எடைகளை மிகக் குறைவாக வைத்தே ஓட்டியாக வேண்டும். என் வரிசையில் இப்போது நிற்பவை அவைதான்.